தெரிந்தே கருக்கியது

மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில்
என் வேலை பாலைச் சந்தேகிப்பது.
பதினோரு வருஷம்.
ஓணத்துக்கு முந்தைய பத்து நாளும்
பொள்ளாச்சிச் சாலையில் டேங்கர்கள் வால் நீண்டு நிற்கும்.
மூடி திறந்ததும் முதலில் மூக்கு,
அப்புறம்தான் லாக்டோமீட்டர், அமிலம், மற்றதெல்லாம்.

இன்று பணி முடிந்து
தேங்காய் மண்டிக்கு மேலே என் அறையில்
மூன்று பேர், ஒரு புட்டி.
கொண்டுவந்தவன் காளீஸ்வரன்.
"லஞ்சமில்லீங்க மேடம், நான் இப்பப் பால் ஓட்டறதில்ல,
சிமெண்ட்டு" என்று
படியேறும்போதே சொல்லிவிட்டான்.
மழைக்கு முன்னால் லோடு சேர்த்ததற்குத்
திருச்சூர் முதலாளி ஒருவர் கொடுத்ததாம்.

கலால் பிரசோபன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
லேபிளை எழுத்துக்கூட்டினான்:
சிங்கிள் மால்ட். லிமிடெட் எடிஷன்.
தொள்ளாயிரத்தில் நானூற்றுப் பதினேழாவது.
கீழே பொடி எழுத்தில்
ஏதோ பிரெஞ்சு இனிப்பின் பேர், க்ரெம் ப்ரூலே.
"புரூலேயா, புரளியா?" என்றான் காளீஸ்.

போனில் தேடிச் சொன்னான் பிரசோபன்:
பாலேட்டை முட்டையோடு வேகவைத்து
மேலே சர்க்கரை தூவி, தீயால் கருக்குவது.

"கருக்கறதா?
தெரிஞ்சேவா?"

"பின்னே? தெரிஞ்சேதான்."

காளீஸ் என்னைப் பார்க்கவில்லை.
ஃபேனைப் பார்த்தான்.

முதல் மடக்கு வெறும் நெருப்பு.
நாக்கு நுனியில் கொஞ்சம் ஏமாற்றம்.
பிரசோபன் சோடா தேடப் போனான்.
பெட்டிக்குள் மடித்திருந்த சீட்டு சொன்னது,
சில துளி தண்ணீர் சேருங்கள், மணம் விரியும்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
தண்ணீர் பிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்.

பையிலிருந்து பிப்பெட்டை எடுத்தேன்,
கழுவி, உதறி, மறுபடி கழுவி
மூன்று எவர்சில்வர் டம்ளருக்கும்
ஐந்தைந்து சொட்டு.
வாழ்க்கையில் முதன்முறையாக
நான் தண்ணீர் கலந்தேன்.

விரிந்தது.
முதலில் மழையில் நனைந்த பலகை.
பிறகு நெய்யில் சிவந்த முந்திரி,
பாகு முற்றிக் கம்பி இழுக்கும் நேரம்.
எல்லாவற்றுக்கும் அடியில்
அந்த வாடை.
இறக்க மறந்த அண்டாவில்
அடியோடு பிடித்த பால்.

சொல் நாக்குக்கு வந்துவிட்டது.
சொல்லவில்லை.
போன சித்திரையில் அந்தச் சொல்லைத்தான்
அவன் டேங்கரின் தாளில் எழுதினேன்:
அடிப்பிடித்த வாடை. நிராகரிக்கப்பட்டது.
பன்னிரண்டாயிரம் லிட்டர்
வந்த வழியே திரும்பிப் போயிற்று.
கருக்கியது பண்ணையின் பாய்லர்.
போனது அவன் வேலை.

டம்ளரை மூக்கோடு வைத்தபடி
அவனே சொன்னான்:
"அதே வாடைதானுங்க மேடம்.
சரியாத்தான் எழுதியிருக்கீங்க."
கொஞ்ச நேரம் கழித்து, "என்ன விலை இருக்கும் இது?"

பிரசோபன் சொன்ன தொகையை
லிட்டருக்கு மாற்றி
பன்னிரண்டாயிரத்தால் பெருக்கப் பார்த்தான்,
விரல் மடக்கி,
உதடு அசைய.
நடுவில் எங்கோ தவறவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.

கணவாய்க் காற்று சன்னலை அறைந்து சாத்தியது.
நான் பிப்பெட்டை மூன்று முறை அலசினேன், விதிப்படி.
கீழே சாலையில் வரிசை கட்டத் தொடங்கியிருந்தன
நாளைய டேங்கர்கள்.
அலசிய கையில் இன்னும் இருக்கிறது அந்த மணம்.

மணம் என்றுதான் எழுத வருகிறது இப்போது.