வற்று அட்டவணை

அம்மாவின் ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது
மீனவர் சங்கம் இலவசமாகத் தரும் அட்டவணை:
கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும்.
எங்கள் வீட்டில் கடிகாரமும் இருந்தது,
அதை யாரும் பார்த்ததில்லை.
ஞாயிறு மதியச் சாப்பாடு
ஒரு வாரம் பதினொன்றுக்கு, ஒரு வாரம் நாலரைக்கு.
பாதிரியார் தோன் எலிசியோ
என் தம்பியின் ஞானஸ்நானத்தை
ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்தார்.
"கடவுள் காத்திருப்பார், மட்டி காத்திருக்காது"
என்று அவரிடமே சொன்னவள் தோசிந்தா.

கலீசியாவின் கழிமுகத்தில், நீர் விலகிய சேற்றில்,
குனிந்த பெண்கள்
யாரோ கைதவறிக் கொட்டிய பித்தான்கள் போலத் தெரிவார்கள்.
எந்தப் பித்தான் என் அம்மா
என்று கரையிலிருந்தே சொல்லிவிடுவேன்:
நிமிரும்போதெல்லாம் இடது கை முட்டியால்
இடுப்பில் இரண்டு குத்து குத்துவாள்,
தூங்கி வழியும் வேலையாளை எழுப்புவது போல.

நாற்பத்தொரு வருடம்.
நீந்தத் தெரியாது.

அவள் கோட்டுப் பையில் ஒரு பித்தளை வளையம்.
அதற்குள் நுழைந்து விழுகிற மட்டி சின்னது,
மணலுக்கே திரும்ப வேண்டும்.
விழாமல் நிற்பது வாளிக்கு.
வீட்டுக்கு வந்தும் அந்த வளையத்துக்கு ஓய்வில்லை.
பேரன் பிராய்ஸ் அழுதுகொண்டு வருவான்,
யாரோ பந்தைப் பிடுங்கினார்கள் என்று.
வளையத்தைக் கண்ணருகே பிடித்து
அவன் முகத்தை அதன் வழியே பார்ப்பாள்:
"சின்னது. திருப்பிப் போடு."
அவன் சிரித்துவிடுவான், மூக்கொழுக.

அல்வாரோ என்னை விட்டுப் போன இரவு
குழந்தையும் ஒரு பெட்டியுமாக வந்து நின்றேன்.
வளையத்தை எடுத்தாள்.
எனக்குக் கோபம் வந்தது.
பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:
"இது அளவுதான்."
விடியுமுன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.
என் கணக்கியல் படிப்புக்குக் கட்டிய பணத்தில்
உப்பு வாடை அடித்ததாக நானே சொல்லிக்கொள்கிறேன்.
வங்கி வழியாகத்தான் கட்டினாள்.

அடக்கத்தைக் கடல் ஏறும் நேரத்தில் வைத்தோம்.
வற்றும் நேரத்தில் வைத்திருந்தால்
அவளோடு வேலை செய்தவர்கள் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.
அவளே வந்திருக்க மாட்டாள்.

எனக்கும் அவளுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது.
பள்ளி நாடகம், பரிசளிப்பு, பட்டமளிப்பு என்று
அவள் வராத நாட்கள் பதினொன்று.
விரல்விட்டு எண்ணி, விரல் போதாமல் ஒன்று மிஞ்சி,
முப்பது வருடம் வைத்திருந்தேன்.

பிஸ்கட் டப்பாவில் பழைய அட்டவணைகள் எல்லாம் இருந்தன,
ரப்பர் பட்டை போட்டு, வருடவாரியாக.
தேதிகளின் ஓரத்தில் பென்சில் எழுத்து.
பதினொன்றையும் தேடினேன். கணக்காளர் புத்தி.
நான்கில் இப்படி இருந்தது:
"சபேலா நாடகம். கடைசி வரிசை. பூட்ஸ் நாற்றம்.
இடைவேளையில் வந்துவிட்டேன்."
"சபேலா. பரிசு. தூணுக்குப் பின்னால்."
மற்ற இரண்டிலும் நேரம் மட்டும், அடியில் ஒரு கோடு.

மீதி ஏழில் எடைதான் இருந்தது.
மூன்று கிலோ எண்ணூறு.
நான்கு கிலோ.
மழை, இரண்டு கிலோ நூறு.

சமையலறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்து
அந்த ஏழையும் ஒவ்வொன்றாக வளையத்தில் வைத்தேன்.
ஐந்து விழுந்துவிட்டன.
இரண்டு நிற்கின்றன.
பட்டமளிப்பு ஒன்று. இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

இன்று வற்று ஐந்து ஐம்பத்திரண்டுக்கு.
பிராய்ஸ் மாடியில் தூங்குகிறான், கால் கட்டிலுக்கு வெளியே.
நாளைக்கு அவனுக்கு நீச்சல் போட்டி,
காலை பத்து மணிக்கு.
பென்சிலைத் தேடுகிறேன்.