மூவாயிரத்து நாற்பது டாலர்

சபையில் அதை 'நம் கல்லூரி' என்பார்கள்.
மற்றதற்குப் பெயரில்லை. 'அங்கே' என்பார்கள்
மேற்கே கைகாட்டி,
ஆலங்கட்டி மழை வரும் திசையைக் காட்டுவதுபோல.

மே ஒன்றாம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும்.
ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு கடிதங்கள்,
ஒரே காந்தத்தின் அடியில்.
யார் பாலுக்குத் திறந்தாலும் ஒன்று நழுவி விழும்.
பெரும்பாலும் அங்கே.

நம் கல்லூரிக்குப் பிப்ரவரியில் போனேன்.
பத்து மணிக்கு ஆராதனை;
வந்ததற்குச் சாட்சியாக அட்டையைத் தேய்க்க வேண்டும்.
கையெழுத்துக்கு ஒரு தாள் தந்தார்கள்:
குடிக்க மாட்டேன், புகைக்க மாட்டேன்,
நான் ஏற்கெனவே செய்யாதவை எல்லாம் வரிசையாக.
இருந்தும் பேனா நின்றது.
செய்யாமலிருப்பது
அதுவரை என்னுடையதாக இருந்தது.

அன்றிரவு அறையில் இடம் தந்தவள் மாரிஸா ரெம்பல்.
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாள்:
உனக்காக எதற்கு ஜெபிக்கட்டும்?
முழங்கால் வலி என்றேன், வேறு எதுவும் சொல்லப் பயந்து.
இருட்டில் அந்த முழங்காலுக்காக
அவள் அழுகிற அளவுக்கு மன்றாடினாள்.
காலையில் வலி இல்லை.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அங்கேயும் போனேன்.
ஆயிரம் பேர் சாப்பிடும் கூடத்தில்
தட்டை வைத்துக் கண்மூடினேன், பழக்கம்.
கேலி செய்வார்கள் என்று ஊரில் சொல்லியனுப்பியிருந்தார்கள்.
ஒரு பதில்கூடத் தயாராக இருந்தது.
கண் திறந்தேன். யாருமே பார்க்கவில்லை.
பதிலைப் பையிலேயே திருப்பிக் கொண்டுவந்தேன்.

மண் ஆய்வுக்கூடத்தில்
ஆறடி நிலத்தைத் தூணாக வெட்டியெடுத்து
கண்ணாடிக்குள் நிறுத்தியிருந்தார்கள்.
எங்கள் மாவட்டத்து மண். தலையில் கறுப்பு,
இடுப்பளவில் சுண்ணாம்பின் வெள்ளைப் பொரிகள்,
கறுப்பிலிருந்து கீழே இறங்கும் கோதுமை வேர்
மயிரிழையாய், நம்ப முடியாத ஆழத்துக்கு.
பதினேழு வருடம் அதன்மேல் நடந்திருக்கிறேன்.
ஒருநாளும் பக்கவாட்டில் பார்த்ததில்லை.
பேருந்து கிளம்புகிறது என்று
இரண்டுமுறை கூப்பிட்டார்களாம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, பொருளாளர் ஆர்லின் ஷ்ராக்
என்னை முன்னே அழைத்து ஒரு தடித்த உறையை நீட்டினார்.
"நெட்டாவுக்கு. மூவாயிரத்து நாற்பது. நம் கல்லூரிக்கு."
உன்ரூ வீட்டில் ஒரு கன்றை விற்றிருந்தார்கள்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன், யாருக்கென்று தெரியாமல்.

வியாழக்கிழமை திருப்பிக் கொண்டுபோனேன்.
அவர் கோபப்படவில்லை.
கோபம் எளிதாக இருந்திருக்கும்.
"என் கை நடுங்குகிறது, பெயர்களை நீயே எழுது" என்று
காலி உறைகளை மேசையில் தள்ளினார்.
உன்ரூ, கேரிங், டபிள்யூ. ஸ்டக்கி,
ஞாயிறு வகுப்புக் குழந்தைகள் (சில்லறை).
எழுத எழுத ஊரே என் கையெழுத்தில் வந்து உட்கார்ந்தது.

கடைசியில் பெயரில்லாதது ஒன்று.
ஐம்பது டாலர் தாள்கள் நான்கு,
எட்டாக மடித்து, மடிப்பில் கிரீஸ் கறை.
பணத்தை எட்டாக மடிக்கிறவர்
எங்கள் ஊரில் ஒருவர்தான்.
மூன்று மாதமாக என்னிடம்
"உன் இஷ்டம்" என்பதைத் தவிர எதுவும் சொல்லாதவர்.

"அது யாருடையது?" என்றார் ஆர்லின்.
தெரியாது என்றேன்.
பொய் சொல்லக்கூடாது என்று
அந்தத் தாளில் இருந்ததா, நினைவில்லை.

வீட்டில் அறுவடை இயந்திரத்தின் அடியில்
அப்பாவின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
"முக்கால் அங்குல ஸ்பேனர்" என்றது இயந்திரம்.
எடுத்து நீட்டினேன்.
நட்டு ஒன்று முனகிக்கொண்டே கழன்றது.

"கொடுத்துவிட்டாயா?"

ஸ்பேனர் அவர் கையில்தான் இருந்தது.
கொடுத்துவிட்டேன் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு கை வெளியே நீண்டது, உள்ளங்கை மேலாக.
"அரை அங்குலம்" என்றார்.