மூன்றாம் ஷிப்டுக் குறிப்பு

இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை
மில்வாக்கியின் இருநூற்றுப் பதினான்கு கணுக்கால்கள்
என் பொறுப்பு.
முகங்கள் தெரியாது.
பச்சைப் புள்ளி என்றால் ஆள் வீட்டில்.
சிவப்பு என்றால் இல்லை.
மஞ்சளுக்குக் கையேட்டில் ஆறு பக்கம்.

இவர்களில் யாரும் தண்டனை பெற்றவர் இல்லை.
சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்,
கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொன்ன அதே மூச்சில்.
வழக்கு வரும்வரை வெளியே இருப்பவர்கள், அவ்வளவுதான்.
வாய்தா மேல் வாய்தா விழுந்து
சிலருக்கு அந்தக் கறுப்புப் பெட்டி
உள்ளாடையைவிடப் பழசாகிவிட்டது.

ஜனவரி. மைனஸ் இருபத்திரண்டு.
இரண்டு நாற்பதுக்கு 0417 மஞ்சளானது.
பேட்டரி ஒன்பது சதவீதம்.
அழைத்தேன். எடுக்கவில்லை.
பெட்டியை அதிரவிட்டேன்.
அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது;
இங்கே தொட்டால்
ஐந்து மைலுக்கு அப்பால் ஒருவரின் எலும்பு நடுங்கும்.

இரண்டு ஐம்பத்தொன்றுக்குச் சிவப்பு.
புள்ளி படியிறங்கி,
குப்பைத் தொட்டிகளின் சந்தில் நுழைந்து,
நூற்றுப் பத்து அடி நடந்து
நின்றது.
ஓடுகிறவன் இப்படி நிற்பதில்லை.

திரையில் இருந்தது இவ்வளவு:
கார்னெல் டிப்ஸ். வயது நாற்பத்து மூன்று.
பேருந்துப் பணிமனையில் வெல்டர்.
திருட்டுப் பொருள் வாங்கியதாகக் குற்றச்சாட்டு.
பொருள்: ஜெனரேட்டர், ஒன்று.
அடுத்த வாய்தா மார்ச் பத்தொன்பது.

மூன்றாம் அழைப்பை எடுத்தார்.
முதலில் காற்றுதான் பேசியது.
"மேடம், எங்கள் வரிசை முழுக்க இருட்டு.
பனி பாரம் தாங்காமல் கம்பி அறுந்துவிட்டது.
சந்துக்கு அந்தப் பக்கம் சர்ச்சில் மட்டும் கரண்ட் இருக்கிறது.
கிறிஸ்துமஸ் குடிலுக்கு விளக்குப் போட்ட பிளக்
வெளிச்சுவரில் அப்படியே இருக்கிறது.
அதில்தான் காலைச் சொருகி நிற்கிறேன்."

காலைச் சொருகி.
அப்படித்தான் சொன்னார்.

"வேறு வழி இல்லையா?" என்றேன்.
"ஒரு ஜெனரேட்டர் வைத்திருந்தேன்.
இப்போது அது உங்கள் ஆட்களிடம்தான் இருக்கிறது."
சிரித்தாரா, பல் கிட்டியதா,
லைனில் பிரித்தறிய முடியவில்லை.

பேட்டரி செத்தால் மீறல்.
எல்லை தாண்டினால் மீறல்.
பத்து நிமிடத்துக்குள் நான் மேலே அனுப்பவேண்டும்,
அனுப்பினால் ஒரு கார் கிளம்பும்.
பக்கத்து மேசை ஜோலீன்
பொப்கார்னிலிருந்து கண்ணை எடுக்காமல்,
"தட்டிவிடு, நம் தலைக்கு ஏன்" என்றாள்.
அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். அவளைக் குறை சொல்லமாட்டேன்.

பெட்டிக்கு வயிறு நிறைய இரண்டு மணி நேரம் ஆகும்.
கம்பியின் நீளம் மூன்றடி.
உட்கார்ந்தால் எட்டாது,
நின்றால் இழுக்கும்,
அதனால் பனியில் ஒற்றைக் காலை மடித்துச்
சுவரோடு சாய்ந்திருந்தார்.
"தூங்கிவிடாதீர்கள்" என்றேன்.
எதையாவது பேசச் சொன்னேன்.
அலுமினியத்தைப் பற்றவைப்பது எஃகைவிட ஏன் கடினம் என்று
நாலு மணி வரை சொன்னார்.
உருகப்போவதை அது முன்கூட்டிக் காட்டாதாம்,
நிறம் மாறாதாம்,
திடீரென்று ஓட்டையாம்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
0417. தொடர்பில் உள்ளார்.
பொய் இல்லை.

நாலு ஐம்பத்து மூன்றுக்குப் பச்சை.
ஏழு மணிக்கு மேலதிகாரி கூப்பிட்டார்.
எனக்கு ஒரு மெமோ. அது வேறு கதை.

மார்ச் பத்தொன்பதில் சாட்சி வரவில்லை, மே ஏழு என்றார்கள்.
மே எட்டாம் தேதி இரவு நான் உட்காரும்போது
என் எண்ணிக்கை இருநூற்றுப் பதின்மூன்று.
விடுதலையானாலும் உள்ளே போனாலும்
புள்ளி ஒரே மாதிரிதான் மறையும்.
கோப்பைத் திறந்து பார்க்க
மூன்றாம் ஷிப்டுக்கு அனுமதி இல்லை.

விடுமுறை நாளில் ஒருமுறை அந்தச் சந்துக்குப் போனேன்.
ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
சர்ச்சின் வெளிச்சுவர், முழங்கால் உயரத்தில் பிளக்.
அதன்மேல் ஒரு தகர மூடி,
மூடிக்குப் புதுப் பூட்டு.