கோதுமைக்காரன் வீட்டு ஞாயிறு

வாசலிலேயே எல்லாவற்றையும் கழற்றுகிறேன்:
பூட்ஸ், மேலங்கி, தொப்பி,
கால்சட்டை மடிப்பில் ஒளிந்து வந்த உமி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளாடையோடு நடுங்கியபடி
என் சொந்த அடுக்களைக்குள் நுழைய
அனுமதி கேட்டு நிற்கிறேன்.
"கை?" என்கிறாள் டாரியா. பத்து வயது.
முழங்கைவரை கழுவிக் காட்டுகிறேன்.

கனோராவுக்கு வடக்கே இரண்டாயிரம் ஏக்கர்,
பத்துத் தகரக் குதிர்கள்,
ஜன்னலைத் திறந்தால் அவைதான் அடிவானம்.
அதில் ஒரு சிட்டிகைத் தூசு போதும்,
உங்கள் மகளின் குடல் ரணமாகும் என்று
ரெஜைனாவில் மருத்துவர் சொன்னபோது
நான் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஆரம்பத்தில் இரண்டு மாவு, இரண்டு அடுப்பு.
எங்களுக்கு முதலில், அவளுக்குக் கடைசியில்.
நாங்கள் தட்டைக் கழுவும்போது
அவள் தனியாக மென்றுகொண்டிருப்பாள்.
மூன்று வாரம் பார்த்துவிட்டு ஹலினா
கரண்டியை மேசையில் அடித்தாள்:
"இனி ஒரே மாவு. பிடிக்காதவன் பட்டினி."

முதல் பேன்கேக் சுவரொட்டிப் பசை.
இரண்டாவது ஆற்று மணல்.
மூன்றாவதை நாய்க்குப் போட்டோம்.
முகர்ந்துவிட்டு அது எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் குணம்
கோதுமையோடு போய்விட்டது.
அரிசி மாவு, உருளைக்கிழங்கு மாவு,
கால் தேக்கரண்டி சாந்தன் பசை,
எல்லாம் வேறு வேறு ஊர்க்காரர்கள்,
பழக நேரம் பிடிக்கும்.
எவ்வளவு நேரம் என்று தெரிந்தது தற்செயலாக:
கரைத்து வைத்துவிட்டு ஹலினா
தங்கையோடு ஃபோனில் சண்டை போடப் போனாள்.
இருபது நிமிடம். வின்னிபெக் வீட்டுப் பங்கு விஷயம்.
திரும்பி வந்து ஊற்றினாள்,
அன்றுதான் முதன்முதலாக
ஓரம் மொறுமொறுத்து நடு உப்பி எழுந்தது.

அப்பாவின் வார்ப்பிரும்பு வாணலி
கொட்டகைக்குப் போயிற்று.
அதன் கருப்பில் நாற்பது வருடக் கோதுமை.
இப்போது போல்ட்டும் நட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.
எண்ணெய் எடுக்கப் போகும்போது
அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

பிரெஞ்சு டோஸ்ட் வேறு கதை.
குளூட்டன் இல்லாத ரொட்டி ஒன்பது டாலர்,
உள்ளங்கை அகலம், செங்கல் கனம்,
நடுவில் எலி வளைபோல் ஓட்டை.
பழைய பழக்கத்தில் முட்டைப்பாலில் ஊறவிட்டால்
கஞ்சிதான், கரண்டியால் குடிக்கலாம்.
ராத்திரியே துண்டுகளை விரித்துக் காயவை.
காலையில் முக்கு, திருப்பு, எடு,
ஏப்ரல் மாத ஏரியில் குதித்தவன்போல.
வெண்ணெயின் சத்தம் அடங்கியதும் போடு.
பட்டை கொஞ்சம். ஜாதிக்காய் மனசுக்கு ஏற்றபடி.

டானிலோ பதினாறு வயசுப் பையன்.
பிக்கப் வண்டி இருக்கைக்குப் பின்னால்
வெள்ளை ரொட்டி ஒன்று வைத்திருந்தான்.
எனக்குத் தெரியும். டாரியாவுக்கும் தெரியும்
என்பதுதான் தெரியாது.
போன ஞாயிறு கடைசித் துண்டின்மேல்
இரண்டு முள்கரண்டிகள் ஒன்றாக இறங்கின.
"உனக்குத்தான் வண்டியில் இருக்கே" என்றாள்,
சஸ்கட்டூன் பழப் பாகு மோவாயில் வழிய.
அவன் காது சிவந்தது.
"அது உறைந்துபோச்சு" என்றான்,
முள்கரண்டியை எடுக்காமல்.

இழுத்தார்கள்.
துண்டு உதிரவில்லை.
கிழிந்தது. நூல் நூலாக, நிஜ ரொட்டி மாதிரி.
ஹலினா என் முழங்காலை
மேசைக்கடியில் கிள்ளினாள், வலித்தது.

செவ்வாயன்று நாற்பது டன் ஏற்றி அனுப்புகிறேன்.
எங்கோ யாரோ பிசைவார்கள்,
நன்றாக வரட்டும்.
காசோலை வந்ததும் அரிசி மாவு
பத்துக் கிலோ வாங்கவேண்டும்.

இப்போது மாவு ஊறுகிறது.
தங்கை ஃபோனை எடுக்கவில்லையாம்.
இருபது நிமிடம் இருக்கிறது,
ஹலினா என்னைப் பார்த்துத்
தொண்டையைச் செருமுகிறாள்.