நாலையும் தொடணும்

பெயர்தான் மென்பந்து.
நெற்றியில் ஒன்று வாங்கிப் பாருங்கள், தெரியும்.

கிளஸ்டர் போட்டிக்கு ஓர் அணி வேண்டும் என்று
சுற்றறிக்கை வந்த அன்று
பிரின்சிபால் கூப்பிட்டுக் கேட்டார்:
"ஆடியிருக்கிறீர்கள்தானே?"
காலேஜில் வாலிபால் ஆடியவள் நான்.
"ஆடியிருக்கிறேன்" என்றேன்.
பொய் இல்லை. எதை என்று அவர் கேட்கவில்லை.

அன்றிரவு ஃபஹாஹீல் ஃபிளாட்டின் நடைவழியில்
கைபேசியைச் செருப்பு ஸ்டாண்டில் சாய்த்துவைத்து
காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கி எறிந்தேன்.
கை ஒரு முழு வட்டம் சுற்ற வேண்டும்,
தொடையை உரசும் இடத்தில் விரல் விட வேண்டும்,
முன்கால் ஓங்கி இறங்க வேண்டும்.
முதல் நாள் ஃபிரிட்ஜில் பட்டது. இரண்டாம் நாள் கணவர் மேல்.
நாலாம் நாள் கீழ்வீட்டு எகிப்துக்காரர்
கதவைத் தட்டி, என் பின்னால் எட்டிப் பார்த்து,
வீட்டில் எல்லாம் நலம்தானே என்றார்.

ஒன்பது கையுறை வந்தது. முப்பத்தொரு பெண்கள்.
ஒன்பதும் இடக்கையில் மாட்டுவது.
லெவினா இடக்கையால் எறிபவள்.
பிடித்து, கழற்றி, கக்கத்தில் இடுக்கி, பிறகு எறிவாள்.
அதற்குள் ஓடியவள்
தண்ணீரே குடித்து முடித்திருப்பாள்.

தளங்கள் வாங்கக் காசில்லை.
பஸ் டிரைவர் அமானுல்லா பழைய கால்மிதிகள் கொடுத்தார்.
முதல் தளம் டொயோட்டா. இரண்டாவதில் பேரில்லை.
மூன்றாவது ஏதோ பெரிய வண்டியினுடையது, குழி குழியாக.
ஒன்று குறைந்தது.
ஹோமுக்கு என் வீட்டு வாசல் மிதியடியைக் கொண்டுவந்தேன்.

காலை ஆறரை மணி.
அதற்குமேல் தார்த்தரை ஷூவைத் தின்றுவிடும்.
அஹமதி பக்கமிருந்து எண்ணெய் எரியும் வாடை.
மஞ்சள் பந்து மூன்றே நாளில்
எங்கள் எல்லோரையும்போல் மண் நிறமானது.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு
வெள்ளிக்கிழமைகளில் மணல் மைதானத்து ஓரம் உட்கார்ந்து
அப்பாக்களின் கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்தது.
அடித்ததும் மட்டையோடு ஓடும்.
போடு மட்டையை! போட்டுவிட்டு ஓடு!
என் தொண்டை போனதுதான் மிச்சம்.
"போட்டா யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க மிஸ்"
என்றாள் ஜெருஷா, நிஜமாகவே கவலைப்பட்டு.
மூன்று வருடத்தில் நாலு ஃபிளாட் மாறிய பெண்.

பந்து எறிபவளின் கையை விட்டுப் போகும்வரை
உன் கால் மிதியை விட்டுப் போகக் கூடாது என்றேன்.
ஏன் மிஸ் என்றாள் ஹஸ்னா.
விதி என்றேன்.
நான் படித்திருந்தது அவ்வளவுதான்.

புதன்கிழமை ஜெருஷா அடித்தாள்.
சத்தமே வேறாக இருந்தது.
மட்டையைக் கீழே வைத்தாள், மெதுவாக,
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல்.
வைத்துவிட்டு
ஓட மறந்து நின்றாள்.
பந்து லெவினாவுக்கு மேலே, மதிலுக்கு மேலே,
ஜமியா கார் நிறுத்தத்தில் ஏதோ ஒரு கூரையில்
டம் என்று இறங்கியது.
அந்தக் கார் அலறத் தொடங்கியது.

"ஓடணுமா மிஸ்?"
வேண்டாம். மதில் தாண்டினால் நடக்கலாம்.
"அப்ப உட்கார்ந்துடவா?"
கூடாது. ஜெயித்தாலும் நாலையும் தொடணும்.

நடந்தாள்.
டொயோட்டா. பேரில்லாதது.
மூன்றாவதில் குனிந்து ஷூ லேஸ் கட்டினாள்,
கார் அலறிக்கொண்டே இருக்க.
முப்பது பேரில் ஒருத்திகூட கத்தவில்லை,
கத்தலாமா என்று என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள்.
ஹோமுக்கு வந்தாள்.
மிதியடியில் ஏறி நின்று
வலது காலை இரண்டு முறை, இடது காலை இரண்டு முறை
அழுத்தித் துடைத்தாள்.
அப்புறம்தான் இறங்கினாள்.

நோட்டில் ஒன்று என்று எழுதினேன்.
எழுதி முடிக்கும்போது மதிலுக்கு மேலே
காவலாளியின் தலை தெரிந்தது, கையில் பந்து.
அவருக்குப் பின்னால்
சாவிக்கொத்து குலுங்க யாரோ ஓடிவரும் சத்தம்.