இடது காது

எலிகள் இருந்த அறையைத்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள்.
கூண்டுகளை அகற்றி மூன்று மாதமாகியும்
மழை பிடித்தால் வாடை எழும்.
பெர்கனில் மழை பிடிக்காத நாள் ஏது.

மணி அடிக்கும், எலி ஓடும், தீனி விழும்.
மணிக்கும் ஓட்டத்துக்கும் நடுவே
உள்ளே என்ன நடந்ததென்று
இந்த அறையில் அதுவரை யாரும் கேட்டதில்லை.
அடுத்தவர் சமையலறையை எட்டிப் பார்ப்பதுபோல
அது அநாகரிகம்.

பேராசிரியர் ஹௌக்கோஸ் எட்டிப் பார்த்தார்.
அதற்கு ஒரு டேப் ரெக்கார்டரும்
வாசிக்க ஒரு குரலும் வேண்டியிருந்தது.
குரல் என்னுடையது. மணிக்கு ஆறு குரோனர்.

வலது காதுக்கு ஹெர்ரிங் மீனின் விலை நிலவரம்.
இடது காதுக்கு ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள்:
ஏணி, ஜூலை, துத்தநாகம், சித்தி.
இரண்டும் ஒரே வேளையில், இரண்டும் என் வாயிலிருந்து.
வலதில் வருவதைக் கூடவே திருப்பிச் சொல்ல வேண்டும்,
இடதை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும்.

இந்தக் காதில் வாங்கி
அந்தக் காதில் விடுவது என்பார்கள்.
இங்கே அந்தக் காது வாங்கவே இல்லை.
முடிந்தபின் கேட்டால் மாணவர்கள் யோசிப்பார்கள்:
இடதிலா? ஏதோ பெண்குரல்.
துத்தநாகத்தை மட்டும் இருபது தடவை சொல்லியிருந்தேன்.

சொந்தப் பெயர் வந்தால் சிலர் திடுக்கிடுவார்கள்,
சந்தையில் யாரோ கூப்பிட்டதுபோல.
பேராசிரியருக்கு அது போதும்.
வாசலில் ஒரு காவலாளி இருக்கிறான், என்றார்,
முகம் பார்த்துவிட்டுத்தான் விரட்டுகிறான்.
கரும்பலகையில் பெட்டி வரைந்தார்,
பெட்டியிலிருந்து அம்பு, அம்பின் முனையில் இன்னொரு பெட்டி.
காவலாளிக்கு இடம் போதவில்லை.

வியாழக்கிழமை எய்லெர்ட் மியெல்டே வந்தார்.
துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் தந்தியாளர்.
இரவின் கரகரப்பிலிருந்து ஒரே ஒரு கப்பலைப்
பிரித்தெடுக்கும் காது, சோறு போட்ட காது.
விலைகளை ஒரு மூச்சு பின்னால் நின்று
பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

நான்காம் நிமிடம் இடதில் அவர் பெயரைச் சொன்னேன்.
எய்லெர்ட் மியெல்டே.
அவர் பொருட்படுத்தவில்லை.
பெட்டி இருபத்தாறு குரோனர்,
உப்பிட்டது முப்பத்தொன்று.

ஆறாம் நிமிடம், பட்டியலை நிரப்ப
நான் போட்டுவைத்த ஒரு சின்னச் சொல்: ஆலா.
கடல்மேல் பறக்குமே, அந்தப் பறவை.
'மால்ஓய் சந்தையில் வரத்துக் கு' என்று வந்தவர்
நின்றார்.
அப்புறம் 'குறைவு' என்றார்.

நகரும் தாளில் பேனா
பதினான்கு மில்லிமீட்டர் நேர்கோடு போட்டிருந்தது.

ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன்.
நான் நிற்கவில்லையே, என்றார்.
இடதில் என்ன கேட்டது?
உங்கள் குரல்தான். உங்களுக்கு ஜலதோஷமா?
ஹெட்போனைத் தன் கைக்குட்டையால் துடைத்து வைத்துவிட்டு
தொப்பியை எடுத்துக்கொண்டார்.

இந்தக் கரையில் பத்துக்கு ஒரு படகின் பெயர் ஆலா.
நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும்
நிற்காதவர் எதைச் சொல்வார்.
எச்சில் விழுங்கியிருப்பார், என்று
பேராசிரியர் அந்த வரியை அடித்தார்.
அட்டவணை சுத்தமானது.
தாளில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி
பஸ் டிக்கெட்டுகளோடு வைத்திருக்கிறேன்.

அன்றிரவு மீனும் உருளைக்கிழங்கும்.
ஆன்ஃபின் பதினோரு வருடமாக
என் இடப்பக்கம்தான் உட்காருகிறான்.
கூரை ஒழுகல், தம்பியின் கடன், ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்,
நானும் ம் போட்டுக்கொண்டிருந்தேன்.

என்ன சொன்னாய், என்றேன் திடீரென்று.

ஒன்றுமில்லை, என்றான். உப்பை இப்படித் தள்ளு.

தள்ளக் கை நீட்டியபோதுதான் பார்த்தேன்:
மற்றக் கையில் முள்கரண்டி
வாய்க்கும் தட்டுக்கும் நடுவே நின்றிருந்தது,
உருளைக்கிழங்கில் ஆவி அடங்கியிருந்தது.