இடது காதில் ஒரு விசில்

லாபிஸ் ரயிலடிச் சாலைக் கைப்பேசிக் கடையில்
மூன்று பெட்டிகளை எடுத்து வைக்கிறான் வெய் லூன்.
ஆயிரத்து இருநூறு வெள்ளி.
எண்ணூற்றுத் தொண்ணூறு.
மூன்றாவதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறான்,
விலையைக்கூடச் சொல்லாமல்.

சத்தம் பிடிக்காதா உங்களுக்கு?
மலாயில்தான் கேட்கிறான்.
என்ன சொல்ல.

பன்னிரண்டு வருஷமாய் மில்லில், எடைமேடைக் கூண்டில்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்து உறுமும்.
எண் எழுதுவேன்,
திரும்பிப் போகையில் வெற்று லோரியைக் கழிப்பேன்.
முதுகுக்குப் பின்னால் குலைகள் வேகும்.
ஆவியைத் திறந்துவிடும்போதெல்லாம்
மேசைமேல் தேத்தண்ணி வளையம் வளையமாய் நடுங்கும்.
கம்பெனி கொடுத்த ஆரஞ்சுப் பஞ்சடைப்பான்
இழுப்பறையில் கிடக்கிறது, ஸ்டேப்லர் ஊசிகளோடு.
அதைப் போட்டால் டிரைவர் சொல்வது கேட்காது,
கேட்காவிட்டால் அரை டன் காணாமல் போகும்.

வீட்டில் குணாளன்.
கெட்டவரில்லை.
இரவு பதினொன்றுக்குக் கைப்பேசியை நெஞ்சின்மேல் நிறுத்தி
யாரோ எங்கோ மீன் பிடிப்பதைப் பார்ப்பார்,
முழுச் சத்தத்தில்.
சிக்கியதும் அங்கே நான்கு பேர் கத்துவார்கள்.

எட்டு மாதம் கூட்டுக் கட்டினேன்.
பாட்டுக் கேட்க என்று சொல்லி வைத்தேன்.
ஒன்றும் கேட்காமலிருக்கக் காசு சேர்க்கிறேன் என்று
எந்த வாயால் சொல்வது?

முதல் பெட்டி.
உள்ளே சிலிக்கான் மொட்டுகள், மூன்று அளவில்.
பெரியது வலித்தது, சிறியது நழுவியது.
என் இரண்டு காதும் ஒரே அளவில்லை என்பது
நாற்பத்தோரு வயதில் தெரிந்தது.
வெய் லூன் எதையோ தொட்டான்.

போயிற்று.
சாலையில் பலகை லோரி,
தலைக்குமேல் விசிறி.
எதிர்க்கடையில் கோழி வெட்டும் கத்தி
ஏறி இறங்குகிறது, சும்மா.
வெய் லூன் வாய் திறந்து மூடுகிறது.

அப்போது அது வந்தது.
வந்தது என்று சொல்லக்கூடாது,
இருந்திருக்கிறது.
இடது காதுக்குள், மெலிந்து, நீண்டு,
கெண்டியின் விசில் அடங்கப் போகும் நொடி
அடங்காமலே நின்றுவிட்ட மாதிரி.

போன வருஷம் மில்லுக்கு வேன் வந்தது, காதுப் பரிசோதனைக்கு.
சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள்.
அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் நிமிர்ந்தாள்.
நான் இன்னும் ஒன்றும் போடவே இல்லையே, என்றாள்.
இருவரும் சிரித்தோம்.
பிறகு அவள் ஏதோ எழுதினாள், நிறைய.

கழற்றினேன். லோரி வந்தது, விசிறி, கத்தி.
விசில் இல்லை.
போட்டேன்.
கழற்றினேன்.
நல்லா இல்லையா அக்கா?
ரொம்ப நல்லா இருக்கு, என்றேன். அதுதான்.
இரண்டாவதிலும் அதே விசில்,
முந்நூற்றுப் பத்து வெள்ளி மலிவாய்.

தள்ளி வைத்ததைக் கேட்டேன்.
அது லோரியைப் பாதி விட்டது,
கத்தியை முழுக்க விட்டது.
போதாததற்குத் தன் பங்குக்கு ஓர் இரைச்சல்,
தகரத்தில் தூறல் மாதிரி.
இந்த விலைக்கு இப்படித்தான் அக்கா,
உள்ளே ஒரு ‘ஸ்ஸ்’ இருக்கும்,
சிலர் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள்.
அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க
அந்த ‘ஸ்ஸ்’
நனைந்த சாக்குபோல் விசிலின்மேல் விழுந்தது.

நூற்று எழுபது வெள்ளி.
மிச்சம் கைப்பையில்,
சிகாமட் ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தோடு.
மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது அது.
தேதி போட்டுக் கொடுத்தார்கள்,
அன்றைக்கு லோரி அதிகம்.

இரவு. மீன் சிக்கியிருக்க வேண்டும்.
நான்கு பேரும் மழைக்கு அப்பால் எங்கோ கத்தினார்கள்.
எவ்வளவு எடை, என்று கேட்டேன்.
அவர் திரும்பிப் பார்த்தார்.
இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.
வாய் அசைந்தது. நான் காதைக் காட்டினேன்.
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
விரல்களை விரித்துக் காட்டினார்,
ஆறு.